காதடைப்பும் தலைச்சுற்றலும்

சென்ற ஆடி மாதத்தில் கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்துத் திருவிழாவுக்கு நாம் சென்றிருந்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு எதிரே, மரியாதை கருதி, முதல் வரிசையில் நமக்கு ஆசனம் அளித்தார்கள். அதிர்வேட்டுகளும் சமீபத்திலேயே வெடித்துக் கொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது, நம் காதுகள் இரண்டும் பஞ்சு வைத்து அடைத்தாற்போலிருந்தன.

மறுநாட் காலை கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். மலையேறுகையில் காதடைப்பது சகஜந்தானே என்றெண்ணி, எச்சிலை விழுங்கினோம், கொட்டாவி விட்டோம். அடைப்பு நீங்கவில்லை. வெள்ளிமலையில் வண்டியை விட்டு இறங்கியதும் பூமியே ஒரு பக்கம் சாய்வதுபோலத் தலை சுற்றிற்று. உடன் வந்த நண்பர் தோளைப் பிடித்திராவிடில் விழுந்தே இருப்போம். அவ்வூர் மூதாட்டி ஒருவர், “பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும், ஐயா” என்று அன்போடு கூறினார். நாமும் இணங்கவே இருந்தோம். நல்ல வேளையாக, முதலில் வைத்தியரைக் கண்டுவிடுவோம் என்று தோன்றிற்று.

வைத்தியர் விளக்கிய விஷயம் யாவரும் அறியத்தக்கது. மலைப்பாதையில் வரும் அடைப்பு வேறு. பேரிரைச்சலுக்குப்பின் வரும் அடைப்பு வேறு. முன்னது செவிப்பறையின் இரு புறத்துக் காற்றழுத்தமும் சமமாகாததால் நேருவது, விழுங்கினால் விட்டுவிடும். பின்னது உட்செவியிலிருந்து வருவது. அங்கே நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் ஓசையை உணர்ந்து மூளைக்கு அனுப்புகின்றன. அளவுக்கு மிஞ்சிய ஓசை தாக்கினால் அவை சோர்ந்து சாய்கின்றன. அதனால் காது மந்தமாகிறது. அடைத்தது போன்ற உணர்ச்சியும் ரீங்காரமும் உண்டாகின்றன. ஓய்வளித்தால் சோர்ந்தவை பெரும்பாலும் தேறும், மடிந்தவை மடிந்தவையே. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

தலைச்சுற்றல் ஏன் வருகிறது? உடம்பு நிலைதவறாமல் நிற்கச் செய்யும் உறுப்பும் அதே உட்செவியில், கேள்விச் சுருளை ஒட்டியே இருக்கிறது. ஆகையால் இரைச்சலுக்குப்பின் தலை சுற்றுமாயின், அதைக் காதடைப்பினும் பெரிய எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

அப்பொழுது செய்யத் தக்கது என்ன? உடனே இரைச்சலை விட்டு விலகி, ஓரிரு நாட்களேனும் காதுகளுக்கு அமைதி தரவேண்டும். தலை சுற்றுகிறவர் உட்காரவோ படுக்கவோ வேண்டும்; மலைப்பாதை வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். எண்ணெயோ தைலமோ விடலாகாது. செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே இறங்கிப் பெருந்தீங்கு செய்யும். குச்சி கொண்டு குடைவதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதுவதும் கூடா. மறுநாளும் அடைப்பு நீங்காவிடினும், ஒரு காது திடீரெனக் கேளாமற்போயினும், இரத்தமோ நீரோ வடியினும், சுழற்சியும் வாந்தியும் கண்டாலும் உடனே காது வைத்தியரை நாட வேண்டும். திடீர்ச் செவிட்டுக்கு முதல் மூன்று நாட்களுக்குள் சிகிச்சை தொடங்குவது உத்தமம். இரண்டு வாரம் கடந்துவிட்டால் பயன் மிகவும் குறைந்துவிடும். மலைவாசிகள் “பார்த்துக் கொள்ளலாம்” என்று நாட்களைக் கடத்த வேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சியில் 2022-ம் வருஷம் திறக்கப்பெற்ற அரசினர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆயினும், வந்தபின் வைத்தியம் பார்ப்பதைக் காட்டிலும் வராமற் காப்பதன்றோ விவேகம்? 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்று அமெரிக்கத் தொழிற் சுகாதார நிலையத்தார் வரையறுத்திருக்கின்றனர். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலாயின் 15 நிமிஷமே எல்லை. பெட்டிகளின் முன் இரவெல்லாம் ஆடும் இளைஞர்களும், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும், கூலிக்குப் பெட்டிகளருகே நிற்கும் தொழிலாளிகளும் என்ன ஆவது?

சட்டம் இல்லாமலில்லை. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு அதிகாரிகளின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை விலக்களிக்கச் சர்க்காருக்கு அதிகாரமுண்டு. 2005-ம் வருஷம் ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அனுமதிச் சீட்டில் விதியை அச்சடிப்பதோடு கடமை தீர்ந்ததென அதிகாரிகள் கருதலாகாது. ஓசையை அளக்கும் கருவியோடு ஒருவர் பந்தலுக்கு வரவேண்டும்.

விழாக் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. திருவிழா வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மேளமும் பறையும் நமது செல்வங்களே. பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஜனங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். குழந்தைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். அருகில் நின்று வேலை செய்வோருக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். அதற்குச் செலவு சொற்பமே.

நமக்கு அடைப்பு மூன்றாம் நாள் நீங்கிற்று, தலைச்சுற்றலும் தணிந்தது. ஆனால் இரவில் ஊர் அடங்கிய பின்னர் காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் இன்னமும் கேட்கிறது. அது நம்மை விட்டு அகலுமோ அகலாதோ என்று வைத்தியர் உறுதி கூறவில்லை. நமக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இக்கதி நேர விடலாமா? மனம் நினைப்பதையே அறியும் அம்மனுக்குக் கேட்க வேண்டுமென்று மக்களின் செவியைப் பறிப்பது பக்தியாகாது.