கேட்கும் நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது?

'மருத்துவர்கள் முன்புபோல் இல்லை. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை' என்ற குறை இன்று ஒலிக்காத வீடில்லை. மருத்துவர்களின் பணத்தாசையே காரணம் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த விளக்கம் நிறைவளிக்கவில்லை. ஒரு தொழிலைச் செய்வோர் அனைவரின் குணமும் ஒரு தலைமுறைக்குள் மாறிவிடுவதில்லை. எதற்கு ஊதியம் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதுதான் மாறுகிறது.

குடும்ப மருத்துவத்தில் 'மனிதரை மையப்படுத்திய சிகிச்சை' என்ற கருத்து உலகெங்கும் பேசப்படுகிறது. நோயை மட்டும் பாராமல், நோயுற்றவரின் வேலை, வீடு, அச்சம், விருப்பம் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டு, முடிவெடுப்பதில் அவரையும் பங்குபெறச் செய்யும் மருத்துவம் என்று அதற்குப் பொருள். இது புதிய சிந்தனை அல்ல. ஹங்கேரியில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட், பொது மருத்துவர்களை ஒன்றுகூட்டி அவரவர் நோயாளிகளைப் பற்றி விவாதிக்கச் செய்தார். அந்த அனுபவத்திலிருந்து 1957-இல் அவர் எழுதிய நூல், பொது மருத்துவத்தில் மிக அதிகமாகப் பயன்படும் மருந்து மருத்துவரேதான் என்ற முடிவுக்கு வந்தது. அந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது, அதன் பக்கவிளைவு என்ன என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை என்பது அவருடைய கவலை.

இது குறித்து எனக்குப் பழக்கமான மருத்துவர்கள் சிலரிடம் அண்மையில் பேசினேன். கொள்கையளவில் இதை மறுத்தவர் ஒருவரும் இல்லை. காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் நாற்பதாண்டுகள் மருத்துவமனை நடத்தி ஓய்வுபெற்ற நண்பர், தாம் செய்தது இதைத்தான் என்றும், அதற்கு இப்படியொரு பெயர் உண்டு என்பது தமக்குத் தெரியாது என்றும் சொல்லிச் சிரித்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் இளம் மருத்துவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலை வேளையில் மட்டும் நூறு பேருக்கு மேல் பார்க்கிறார். நான்கு மணி நேரத்தை நூறால் வகுத்தால் ஒருவருக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. அதற்குள் பெயர் கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, சீட்டு எழுதி, பதிவேட்டையும் நிரப்ப வேண்டும்.

இது அவர் ஒருவரின் நிலைமை அன்று. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் 'பி.எம்.ஜே. ஓபன்' இதழில் வெளியான ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவரை ஒருவர் சந்திக்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் நோயைக்கூட ஓரளவு பார்த்துவிடலாம். மனிதரைப் பார்க்க முடியாது.

மருத்துவர்கள் சொன்ன இன்னொரு செய்தி, நாம் கேட்க விரும்பாத ஒன்று. மனிதரை மையப்படுத்துவது என்றால் வருபவர் கேட்பதையெல்லாம் கொடுப்பதா என்பது அவர்களின் கேள்வி. சாதாரணச் சளிக்கு ஊசி வேண்டும், களைப்புக்கு 'டிரிப்ஸ்' ஏற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம். தேவையில்லை என்று விளக்கப் பத்து நிமிடம் ஆகும். ஊசி போட ஒரு நிமிடம் போதும். வந்தவரும் மனநிறைவோடு போவார். மறுக்கும் மருத்துவரின் வாசலில் அடுத்த வாரம் கூட்டம் குறையும். பெரிய தனியார் மருத்துவமனைகளில் நட்சத்திரக் குறியிட்டு மதிப்பெண் கேட்கும் படிவங்கள் இந்தச் சிக்கலைக் கூட்டுகின்றன. வாடிக்கையாளரை மகிழ்விப்பதும் மனிதருக்குச் செவிசாய்ப்பதும் ஒன்றல்ல. மருத்துவத்தில் 'நுகர்வோர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் என் துறையினருக்கும் பங்குண்டு. இத்தனைக்கும், மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றதல்ல, வாங்குபவருக்குத் தாம் வாங்குவது என்னவென்றே தெரியாது என்பதைக் கென்னத் ஆரோ 1963-லேயே விளக்கிவிட்டார்.

நம் சூழலுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. மேலைநாட்டு நூல்களில் 'மனிதர்' என்பவர் தனியாக வந்து உட்காருகிறார். இங்கே எழுபது வயதுத் தாயாருடன் மகன் வருகிறார், மருமகள் வருகிறார். வலி எங்கே என்று தாயாரைக் கேட்டால் மகன் பதில் சொல்கிறார். புற்றுநோய் என்று தெரிந்தால், 'அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று வெளியே வந்து வேண்டிக்கொள்கிறார். அது அன்பினால் எழும் வேண்டுகோள்தான். ஆயினும் அந்தத் தாயாருக்கு எது வேண்டும் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. பல ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தை அறிந்த மருத்துவரால் மட்டுமே மகனைப் புண்படுத்தாமல் தாயாரிடம் தனியே நான்கு வார்த்தை பேச முடியும் என்றார் ஓய்வுபெற்ற நண்பர். நான் கேட்டவற்றுள் எனக்கு முக்கியமாகப்பட்டது இதுவே. நேரத்தைப் போலவே தொடர்ச்சியும் இன்றியமையாதது.

தொடர்ச்சியின் பயன் வெறும் மனநிறைவோடு நிற்பதில்லை. 2001 முதல் ஒவ்வொருவருக்கும் நிலையான குடும்ப மருத்துவர் என்ற ஏற்பாட்டை நடத்திவரும் நார்வேயில், பல லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டுமே தொடர்ந்தவர்களோடு ஒப்பிடுகையில், அவசர உள்நோயாளிச் சேர்க்கைக்கான வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதமும் இறப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 25 சதவீதமும் குறைவாக இருந்தன. இதில் காரணம் எது, உடன்நிகழ்வு எது என்று விவாதிக்கலாம். ஆனால் இப்படியொரு பயனை ஒரு மாத்திரை தந்திருந்தால், அதை வாங்க அரசுகள் வரிசையில் நின்றிருக்கும்.

நாம் பணத்தை எங்கே வைக்கிறோம்? மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு அளிக்கின்றன. ஏழைகளைக் கடனிலிருந்து காக்கும் ஏற்பாடு என்ற வகையில் இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இப்பணம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே நகர்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தால் தொகை உண்டு; வைக்கும் நிலை வராமல் பத்தாண்டு ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்த மருத்துவருக்கு அத்திட்டத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. 2021-22-ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது. முன்பைவிட இது குறைவுதான். இருந்தும் புறநோயாளியாகச் சென்று மருந்து வாங்குபவருக்குக் காப்பீடு இன்னும் எட்டாத தொலைவிலேயே இருக்கிறது.

ஊதிய முறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டனில் பதிவு செய்துகொண்டவர்களின் எண்ணிக்கைக்கேற்ப பொது மருத்துவருக்குப் பணம் தரும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. 2004-இல் அதனோடு குறியீடுகளின் அடிப்படையிலான ஊக்கத்தொகையும் சேர்ந்தது. பதிவுகள் மேம்பட்டன. ஆனால் கணினி கேட்கும் கேள்விகளுக்கே நேரம் போய்விடுகிறது, நோயாளி கேட்க வந்ததைக் கேட்க முடிவதில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் முறையிட்டார்கள்.

தமிழகத்துக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. கொண்டுவரும் பெண் தன்னார்வலர் அந்தத் தெருவை அறிந்தவர். அறியாதவர் மருத்துவர்தான், ஏனெனில் அவர் மாறிக்கொண்டே இருக்கிறார். அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் 50 சதவீத இடஒதுக்கீடு இங்கு உண்டு. கிராமங்களுக்கு மருத்துவர்களை ஈர்த்ததில் அதன் பங்கு பெரிது. அதை எடுத்துவிடக் கூடாது. ஆனால் அதன் உள்ளிருக்கும் முரணையும் காண வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நன்கு பணியாற்றியதற்கான பரிசு, அங்கிருந்து வெளியேறுவதாக இருக்கிறது.

அங்கேயே தங்குவதற்கும் ஒரு பரிசு வேண்டும். குடும்ப மருத்துவத்தில் பட்டமேற்படிப்பை 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையே வலியுறுத்தியிருக்கிறது. பணியிலுள்ள பொது மருத்துவர்களுக்கு அவர்கள் இடத்திலிருந்தே குடும்ப மருத்துவம் கற்பிக்க முடியும் என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொலைநிலைப் படிப்பு காட்டியிருக்கிறது. ஒரே நிலையத்தில் எட்டு, பத்து ஆண்டுகள் பணிபுரிந்து இத்தகுதியைப் பெறும் மருத்துவருக்கு, மாவட்ட மருத்துவமனையின் சிறப்பு மருத்துவருக்கு இணையான ஊதியமும் பதவி உயர்வும் அளிக்கலாம். காப்பீட்டு நிதியில் ஒரு சிறு பங்கை, பதிவு செய்துகொண்ட குடும்பங்களின் எண்ணிக்கைக்கேற்ப முதல்நிலை மருத்துவத்துக்கு ஒதுக்கலாம்.

இவற்றுக்கு நிதித்துறையின் இசைவு வேண்டும், காலம் பிடிக்கும். அதுவரை செலவில்லாத ஒரு வேலை உண்டு. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், சர்க்கரை நோய்க்காகப் பதிவு செய்துகொண்ட ஒருவர் ஓராண்டில் எத்தனை வெவ்வேறு மருத்துவர்களைச் சந்தித்தார் என்பதைப் பதிவேடுகளிலிருந்தே எண்ணிவிடலாம். அந்தச் சராசரியை வட்டார வாரியாக ஆண்டுதோறும் அரசு வெளியிடட்டும்.