பழைய நெகட்டிவ்களும் வீட்டு ஸ்கேனரும்

என் பாட்டனார் எடுத்துவைத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களைச் சென்ற விடுமுறையில் வீட்டு ஸ்கேனரிலிட்டுப் படமாக்க முயன்றேன். முதல்நாள் உழைப்பு முழுதும் வீணாயிற்று. பாட்டியாரின் வெள்ளைச் சேலை, மடிப்பொன்றும் தோன்றாமல் வெறுந்தாளெனப் பதிந்திருந்தது. நெகட்டிவை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தாலோ மடிப்புக்கள் யாவும் இருந்தன! குற்றம் படமெடுத்தவர் மேலதன்று; ‘ஆட்டோ’ என்னும் பொத்தானை நம்பிய என் மேலதே.

அப்பொத்தான் பார்த்தவுடன் பளிச்சென்று தோன்றும் படத்தையே நாடுவது. அதன்பொருட்டு மிக்க வெண்மையையும் மிக்க கருமையையும் வெட்டிவிடுகின்றது. வெட்டுண்டதைப் பின்னர் எம்மென்பொருளாலும் மீட்டல் இயலாது. ஆகலின், ஸ்கேன் செய்யுங்கால் படம் சற்று மங்கி, உப்புச் சப்பற்றுத் தோன்றுதலே நன்று என்பது என் துணிபு. 8 பிட் படத்தில் சாம்பல் நிறத்திற்கு 256 படிகளே உள. 16 பிட்டிலோ 65,536. ஆதலால் 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, வேண்டும் அழுத்தத்தைப் பின்னர் ஆற அமரக் கூட்டிக்கொள்ளலாம்.

தூசியைத் தானே நீக்கும் வசதியொன்று சில ஸ்கேனர்களில் உண்டு. விற்போர் அதனைப் பெரிதும் புகழ்வர். நம் சுருளுக்கு அஃது ஆகாது. அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தித் தூசியைக் காண்பது அதன் முறை. வண்ணச் சுருள்களிற் பெரும்பாலானவற்றின் சாயத்தை அக்கதிர் ஊடுருவிச் செல்லும். கறுப்பு வெள்ளைச் சுருளின் உருவமோ வெள்ளித் துகள்களால் ஆயது. வெள்ளி அக்கதிரைத் தடுக்கும். கருவி, பாவம், புருவத்தையும் தூசியென மயங்கி மெழுகிவிடுகின்றது! சாயத்தால் உருவாகும் இல்ஃபோர்டு எக்ஸ்.பி.2 போன்ற சில சுருள்களே இதற்கு விலக்கு. ஏனையவற்றிற்குக் காற்றூதும் ரப்பர்க் குமிழும் மென்தூரிகையும் பொறுமையுமே துணை. வாயால் ஊதலாகாது, எச்சில் தெறிக்கும்.

சுருண்ட நெகட்டிவ் கண்ணாடியைத் தொடின் வட்ட வட்டமாக வரிகள் விழும். தொடாது வளைந்து நிற்பினும் கூர்மை கெடும். தாளுறையிலிட்டுக் கனத்த நூலொன்றின் கீழ்ச் சில நாள் வைத்தால் அது படியும். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்குக் கனத்த நூலுக்குப் பஞ்சமில்லை. அபிதான சிந்தாமணி இப்பணியை இனிது முடித்தது.

“ஸ்கேன் ஆயிற்றே, இனி இப்பெட்டி எதற்கு?” என்றார் என் தந்தையார். யான் உடன்பட்டிலேன். முதல்நாட் படங்களை நம்பி அன்றே பெட்டியைக் கழித்திருப்போமாயின், பாட்டியாரின் சேலை என்றைக்கும் வெறுந்தாளாகவே இருந்திருக்கும். பெட்டி இப்பொழுது என் அலமாரியில் இருக்கின்றது.