எண் பொருந்தினால் போதுமா?

டிசி-3 என்னும் விமானம் முதன்முதலாகப் பறந்தது 1935 டிசம்பர் 17-ஆம் நாள். 'டகோட்டா' என்றால் உங்கள் தாத்தாவுக்கு உடனே விளங்கும். அந்த இனத்தைச் சேர்ந்த சில விமானங்கள் இன்றும் பறக்கின்றன. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட ஒரு டகோட்டாவை நமது இந்திய விமானப் படையும் 2018-இல் பெற்றுக் கொண்டது.

இப்படிப்பட்ட பழைய விமானத்தின் இறக்கைத் தகடு அரித்துப் போய்விட்டதென வைத்துக் கொள்வோம். புதுத் தகடு பொருத்த வேண்டும். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் '24எஸ்டி' என்றிருக்கிறது. அந்தப் பெயரில் இன்று கடையில் கேட்டால் கிடைக்காது. என்ன செய்வது?

"பெயர்தானே மாறியிருக்கிறது?" என்பீர்கள். ஓரளவு உண்மைதான். அமெரிக்காவில் 1954-இல் அலுமினியக் கலவைகளுக்கு நான்கு இலக்க எண்கள் வழங்கப்பட்டன. 17எஸ் என்பது 2017 ஆயிற்று. 24எஸ் 2024 ஆயிற்று. 75எஸ் 7075 ஆயிற்று. முதல் இலக்கம் 2 என்றால் முக்கியச் சேர்க்கை செம்பு, 7 என்றால் துத்தநாகம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எதிரெதிரே காட்டும் அட்டவணைகள் நிறையக் கிடைக்கின்றன. (பிரிட்டிஷ் விமானங்களுக்கு இவ்வளவு எளிதன்று. அவற்றின் பழைய 'டிடிடி' எண்கள் வெறும் வரிசை எண்களே. கலவையில் என்ன இருக்கிறது என்பதை எண்ணைப் பார்த்து ஊகிக்க முடியாது.)

ஆனால் அட்டவணையில் எண் பொருந்திவிட்டது என்பதற்காக ஒரு தகட்டை இறக்கையில் பொருத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. தேடல் அங்கே தொடங்குகிறது; முடிவதில்லை.

ஏன் என்று கேளுங்கள். வெல்லமும் தண்ணீரும் சேர்த்து அம்மா பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பொருள்கள் அவையே. ஆனால் ஒரு பலகாரத்துக்குக் கம்பிப் பதம் வேண்டும், இன்னொன்றுக்கு உருண்டைப் பதம் வேண்டும். பதம் தவறினால் பலகாரம் போயிற்று! அலுமினியக் கலவைக்கும் பதம் உண்டு. 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் செம்பும் மக்னீசியமும் சேர்ந்த அலுமினியத்தைச் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார். அப்போது மென்மையாக இருந்த அது, சில நாட்கள் சும்மா கிடந்த பிறகு கடினமாகிவிட்டிருந்தது! செம்பு அணுக்கள் உள்ளே மெல்ல மெல்லக் கூட்டம் சேர்ந்து, அணு அடுக்குகள் வழுக்கி நகர்வதைத் தடுப்பதே காரணம். சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாத இந்தக் கூட்டங்களை 1938-இல் கினியரும் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தனர்.

24எஸ்டி என்பதில் உள்ள 'டி' இந்தப் பதத்தையே குறிக்கிறது. அந்த ஒற்றை எழுத்து இன்று டி3, டி4 எனப் பிரிந்து நிற்கிறது. குளிர்வித்த பின் உலோகத்தை இழுத்தோ உருட்டியோ வலுவூட்டியிருந்தால் டி3, இல்லையென்றால் டி4. ஆகவே '2024' என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான் எழுதியிருக்கிறோம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. "பழையதைவிட வலிமையான கலவையைப் போட்டால் நல்லதுதானே?" என்ற எண்ணம்! 2024-டி3 தகடு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 480 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும். 7075-டி6 சுமார் 570 தாங்கும். அப்படியானால் இறக்கையின் அடித்தகட்டை 7075-ஆல் செய்யலாமா? கூடாது. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது; அதனால் அடித்தகடு ஒவ்வொரு பயணத்திலும் இழுபட்டுத் தளர்கிறது. உலோகம் சோர்ந்து விரிசல் விட்டால், அந்த விரிசல் 2024-இல் மெதுவாக வளரும், 7075-இல் விரைவாக வளரும். மெதுவாக வளரும் விரிசலைச் சோதனையில் கண்டுபிடிக்க நாளிருக்கிறது. அந்த அவகாசத்தை நம்பித்தான் பயணிகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சில சமயம் பழைய குறிப்பை அப்படியே பின்பற்றுவதே தவறாகிவிடும். 75எஸ்-டி6 கொண்டு அடித்துருவாக்கிய தடித்த உறுப்புகள், தொடர்ந்த இழுவிசையும் ஈரமும் சேரும்போது விரிசல் விட்டன. அதற்காகவே பின்னர் டி73 என்ற பதம் உருவாக்கப்பட்டது. விரிசல் தொல்லை நீங்கிற்று. ஆனால் வலிமை 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. எண்ணும் கலவையும் அவையே என்றாலும், மாற்றும் பொறியாளர் அந்த உறுப்பு தாங்கும் சுமையைப் புதிதாகக் கணக்கிட்டு, விமானப் பாதுகாப்பு அதிகாரிகளின் ஒப்புதலையும் பெற்றாக வேண்டும்.

பழைய வரைபடங்கள் எந்த உலோகம் என்று சொல்கின்றன. அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இது பெருங்குறை என்பேன். ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பேரன் காலத்துப் பொறியாளருக்கு எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும்!

சின்னஞ்சிறு ரிவெட்டைக்கூட எளிதாக எண்ணிவிடாதீர்கள். 24எஸ் ரிவெட்டைச் சூடாக்கிக் குளிர்வித்த சிறிது நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், தாமதித்தால் கெட்டியாகிவிடும். ஆகவே அதை உறைகுளிர் பெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்து அடிப்பார்கள். குளிரில் அணுக்களின் நகர்வு மந்தமாவதால் பதம் காத்திருக்கும். 2117 ரிவெட்டுக்கு இந்தத் தொல்லையில்லை, ஆனால் அதன் வலிமை குறைவு. அதைப் போடுவதானால் ரிவெட்டுகளின் எண்ணிக்கையையோ அளவையோ கூட்ட வேண்டும். தகட்டில் அதற்கு இடமில்லையென்றால், பட்டறைக்குக் குளிர்பெட்டி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.