முதல் இடத்துக்குக் குறுக்கு வழி இல்லை!

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்லி விடுகிறார். உடனே குடும்பத்தார் செல்போனை எடுக்கிறார்கள். "என்ன சாப்பிடலாம்? எதை விலக்க வேண்டும்?" என்று கூகுளில் தேடுகிறார்கள். நொடிப் பொழுதில் பதில்கள் வந்து குவிகின்றன. முதலில் வருவதைப் படிக்கிறார்கள், நம்புகிறார்கள்.

அதனால்தான் முதல் இடத்துக்கு இவ்வளவு போட்டி. விஷயம் அறிந்தவர்களும் போட்டியிடுகிறார்கள். போலிகளும் போட்டியிடுகிறார்கள். போலி வென்றால் நஷ்டம் யாருக்கு? அதை நம்பி மருந்தை நிறுத்தும் நோயாளிக்கு! ஆகவே இது வியாபாரிகளின் விவகாரம் மட்டும் அல்ல. ஒவ்வொரு குடும்பத்தின் விவகாரம்.

வார்த்தை வித்தை

இணையதளங்களைத் தேடித் தரும் எந்திரத்துக்குத் தேடுபொறி என்று பெயர். 1990-களில் இந்த எந்திரங்கள் பெரும்பாலும் வார்த்தைகளையே பார்த்தன. சிலர் இதைத் தெரிந்து கொண்டார்கள். ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதினார்கள். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக எழுதி ஒளித்தும் வைத்தார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, எந்திரத்துக்குத் தெரியும்!

1998-ல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தை வேறு எந்தப் பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, அவற்றின் மதிப்பு என்ன என்று அவர்கள் எந்திரம் கணக்கிட்டது. சுட்டிக் காட்டுவதையும் சிலர் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள்!

பொருள் அறியும் எந்திரம்

எந்திரமும் சும்மா இருக்கவில்லை. 2012-ல் கூகுள் ஓர் அறிவுத் தொகுப்பை வெளியிட்டது. ஆட்கள், ஊர்கள், பொருள்கள் என்று 50 கோடிக்கு மேல் அதில் இடம் பெற்றன. ஒன்றுக்கு ஒன்று என்ன உறவு என்பதும் அதில் உண்டு.

2019-ல் 'பெர்ட்' என்ற முறை வந்தது. பிரேசில் நாட்டவர் அமெரிக்கா செல்ல விசா வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டால், அமெரிக்கர் பிரேசிலுக்குச் செல்வது பற்றி முன்பு பதில் வந்தது. யார் எங்கே போகிறார் என்பது எந்திரத்துக்குப் பிறகுதான் புரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்த முறை தமிழ் உள்பட 70-க்கு மேற்பட்ட மொழிகளுக்கு வந்தது.

இப்போது 'நீரிழிவு' என்று தேடினாலும், 'சர்க்கரை நோய்' என்று எழுதிய பக்கம் கிடைக்கலாம். எழுத்து வேறு, பொருள் ஒன்று.

முழுமையே மதிப்பு

ஆகவே, ஒரு விஷயத்தை முழுமையாகச் சொல்லும் தளத்துக்கு மதிப்புக் கூடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை 'டாபிக்கல் அத்தாரிட்டி' என்கிறார்கள். அந்த விஷயத்தில் பெயர் பெறுவது என்று பொருள்.

சர்க்கரை நோய் பற்றித் தளம் நடத்துகிறவர், உணவுக்கு ஒரு பக்கம், இன்சுலினுக்கு ஒரு பக்கம், பாதத்தைப் பாதுகாக்க ஒரு பக்கம், சர்க்கரை திடீரென்று குறைந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். எழுதியவர் யார், அவர் தகுதி என்ன என்று சொல்ல வேண்டும். இன்று சர்க்கரை நோய், நாளை சினிமா, மறுநாள் நிலம் விற்பனை என்று தாவுகிறவருக்கு எதிலும் பெயர் கிடைப்பது கடினம்.

பக்கங்களைக் குவித்தால் போதுமா? போதாது! முதல் இடம் பிடிப்பதற்காகவே உபயோகம் இல்லாத பக்கங்களை ஏராளமாகத் தயாரிப்பது குற்றம் என்று 2024 மார்ச்சில் கூகுள் விதி வகுத்தது. மனிதர் எழுதினாலும் சரி, எந்திரம் எழுதினாலும் சரி, விதி ஒன்றுதான்.

படிப்பவர் கடமை

ஆனால் எந்திரம் நீதிபதி அல்ல. முதலில் வருவது எல்லாம் உண்மையும் அல்ல. காசு கொடுத்து இடம் பிடித்த விளம்பரங்களும் மேலே வருகின்றன. அவை விளம்பரம் என்ற குறிப்பு உடன் இருக்கும். அதைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் யார், என்றைக்கு எழுதியது என்று பார்க்க வேண்டும். மருந்து விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

தளம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு இல்லாத கடைக்குப் பெரிய போர்டு எதற்கு? முதலில் விஷயத்தை நன்றாக அறியுங்கள். அறிந்ததை முழுமையாக, உண்மையாகச் சொல்லுங்கள். பெயர் தானாக வரும். வரத் தாமதம் ஆகலாம். ஆனால், அப்படி வந்த பெயர்தான் நிலைக்கும்.