பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

பழங்குடியினரின் உடல்நலம், மரபணு, மருந்தறிவு ஆகியவை குறித்துத் திரட்டப்படும் தகவல் தொகுப்பு, அதாவது தரவு, அறிவுலகம் முழுமைக்கும் பொதுவானது என்றும், அதன்மேல் அம்மக்களுக்கு அதிகாரம் தந்தால் ஆய்வு முடங்கும் என்றும் ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளில் வாழும் பளியர் பழங்குடியினரின் மூலிகை அறிவு ஆய்விதழ்களில் தொடர்ந்து பட்டியலிடப்பட்டு வருவதால், இக்கருத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது இப்பகுதிக்கு இன்றியமையாதது.

முதலாவது, தனிநபரின் ஒப்புதலே போதும் என்பது. அப்போது ஆந்திரத்திலிருந்த கம்மம் மாவட்டத்தில் 2009-இல் பழங்குடிச் சிறுமியர் பலரை உட்படுத்தி நடந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில், பரிசீலிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்ததை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டிக் கண்டித்தது. ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. 1987-இல் அகத்தியமலைக் காணிக்காரர் சிலர் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானபோது, வெளிப்பட்டது ஓரிருவரின் சொத்தன்று, ஒரு குடியின் பொது அறிவு. வருவாயில் பாதியைக் காணிக்காரருக்கு வழங்க முடிவானது பாராட்டுக்குரியது. எனினும் அதைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997-இல்தான் அமைந்தது.

இரண்டாவது, பெயரை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்பது. அமெரிக்காவின் அவசுப்பாய் பழங்குடி மக்களிடம் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென எடுக்கப்பட்ட இரத்தம், அவர்கள் அறியாமலே மனச்சிதைவு நோயையும் அவர்தம் பூர்விகத்தையும் ஆராயப் பயன்பட்டது. அந்த ஆய்வை நடத்திய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2010-இல் 7 லட்சம் டாலர் வழங்கவும் மாதிரிகளைத் திருப்பித் தரவும் இணங்கியது. சிறு குடியொன்றில் குடிப்பெயரே அடையாளமாகிவிடுவதால், ஆள்பெயரை அழித்தாலும் பழி அனைவர்மீதும் படிகிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தனிநபரை மட்டுமே கருதுகிறது. குடி என்னும் கூட்டுக்கு அதில் இடமில்லை.

மூன்றாவது, அறிவியல் முடங்கும் என்பது. உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்னும் நான்கு நெறிகளைக் கனடாவின் முதற்குடிகள் 1998-இல் வகுத்தபின், அவர்களே நடத்தும் உடல்நலக் கணக்கெடுப்பு சுற்றுச் சுற்றாகத் தொடர்ந்தது. நம்பிக்கை பிறந்த இடத்தில் உண்மையான விடைகளும் கிடைக்கும்.

நான்காவது, பழங்குடியினருக்கு அதற்கான திறனில்லை என்பது. இந்தியாவில் அரிவாள் செல் நோய்க்கூறு முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே பதிவாயிற்று. அதே மாவட்டத்தின் கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஆதிவாசிச் செவிலியரும் நலப்பணியாளரும் அந்நோயாளிகளைப் பேணி வருகின்றனர். தம் மக்களின் நோயைப் பேணத் தெரிந்தவர்க்கு அந்நோய்க்குறிப்பைப் பேணவும் தெரியும்.

ஆகவே மறுக்கப்படுவது ஆய்வன்று, கேளாமல் எடுக்கும் வழக்கமே. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) என்னும் கூறு, மரபறிவின்மீது சமூகத்துக்கு உள்ள அறிவுசார் உரிமையை ஏற்கிறது. அச்சட்டத்தின் கிராமசபை முன் ஆய்வின் நோக்கம் விளக்கப்பட்டு, அதன் இசைவு பெறப்பட்டு, முடிவுகள் அம்மக்களுக்குப் புரியும் மொழியில் திருப்பித் தரப்படும் என உறுதியளிக்கப்படும்வரை, பளியர் குடியிருப்புகளில் எந்தத் தரவும் திரட்டப்படலாகாது.