ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயும்

மோட்டார்க் கார் வாங்க எண்ணுவோர் அதன் மினுக்கத்தையும் விலையையும் விசாரிக்கின்றனர். பழுதுபட்டால் திருத்துவோர் யார் எனக் கேட்போர் சிலரே. அதுவே முதற் கேள்வியாதல் வேண்டுமென்பது எனது நெடுநாட் கருத்து.

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டதும் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. ஒஸ்ரின் ஏ40 1947 இலும், மொறிஸ் மைனர் 1948 இலும் இங்கிலாந்திற் பிறந்தவை. அக்கிழட்டு வண்டிகளே அன்று மண்ணெண்ணெயில் ஓடின! குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின், காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயைச் செலுத்தினர். எரிபொருட் கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகவே நெருக்கும் பழைய இயந்திரங்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. பத்தில் ஒரு பங்காக நெருக்கும் இக்கால இயந்திரமாயின், தட்டித் தட்டியே கெட்டுவிடும். மோட்டார் சைக்கிளுக்கும் அதே வைத்தியந்தான். புகையும் நாற்றமும் எவ்வளவென்று கேளாதீர்கள்.

லொறிச் சொந்தக்காரர் மூடியைத் திறந்து கையிற் கரிபூச வெட்கப்படுவதில்லை. கார்ச் சொந்தக்காரருக்கோ அது கௌரவக் குறைவு.

2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இப்புதிய கார்களின் குறையைக் கண்டறியவே கணினி வேண்டும். கடன்பட்டு வாங்கும் குடும்பத்தார், கையொப்பமிடுமுன், அவ்வண்டியைத் திருத்த வல்லார் ஊரில் உளரா, உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும் என்று விசாரிப்பாராக. விற்பவரிடமன்று, சந்தியிலுள்ள கராஜ்காரரிடம்.