என்று வந்தாய் என்னும் ஒற்றை வினா

1981 ஜூலை 23 அன்று பம்பாயில் நடைபாதைக் குடிசை ஒன்று இடிக்கப்பட்டது. அதில் வாழ்ந்தவர் சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. 1961இல் வேலை தேடி அந்நகருக்கு வந்தவர். இடித்த கையோடு அவரும் குடும்பத்தாரும் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட்டனர். அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்குத் திரும்பி, மறுபடியும் ஒரு நடைபாதையில் குடியேறினார். சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் படிக்கும் ஓல்கா டெல்லிஸ் வழக்கின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்துள்ள செய்தி இது.

அவர் இந்தியக் குடிமகன். இந்திய எல்லைக்குள் எங்கும் சென்று வாழும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் உறுப்பு அவருக்கு அளித்திருந்தது. இருபது ஆண்டுகள் உழைத்த பிறகும் அந்நகரம் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பத் தக்கவராகவே கண்டது. குடியுரிமை என்பது கடவுச்சீட்டில் முடிந்துவிடும் ஒன்றல்ல என்பதற்கும், நாட்டுக்குள்ளேயும் மனிதர்கள் 'இவ்விடத்தார்' என்று மெய்ப்பிக்கும் தேர்வுகளை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அத்தகைய தேர்வுகளில் எது நியாயமானது, எது நியாயமற்றது என்பதே இங்கு எழும் வினா.

குடியுரிமைத் தேர்வு என்றவுடன் கல்விப்புலத்தார் பலருக்கும் நினைவுக்கு வருவது பிரித்தானியத் தேர்வு. 2005 முதல் நடைமுறையில் உள்ள அத்தேர்வில் 24 வினாக்கள், 45 நிமிடங்கள். தேறுவதற்கு 75 விழுக்காடு வேண்டும். பிரித்தானிய வரலாறு, சமூகம், ஆட்சிமுறை ஆகியவை பற்றி உள்துறை அமைச்சகம் வெளியிட்டுள்ள கையேட்டிலிருந்தே வினாக்கள் கேட்கப்படுகின்றன. 2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. அடிமை வணிகம் பற்றியும் காலனியம் பற்றியும் அது தவறான சித்திரத்தைத் தருவதாக 2020இல் 175க்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினர். 2022இல் பிரபுக்கள் அவையின் குழுவொன்றும் அத்தேர்வை முழுமையாக மறுபரிசீலனை செய்யுமாறு வலியுறுத்தியது.

கண்டனம் நியாயமானதே. பேரரசின் முடிவு பெரும்பாலும் ஒழுங்கான அதிகார மாற்றமாக நிகழ்ந்தது என்று அக்கையேடு கூறுகிறது. செம்பூரில் வளர்ந்து இலண்டனில் குடியேறிய ஒருவர் அதை மனப்பாடம் செய்வதாகக் கொள்வோம். பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்காக முகாம் அமைக்கப்பட்ட பகுதி செம்பூர். தான் வளர்ந்த தெருக்கள் சொல்லும் வரலாற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, 'ஒழுங்கான மாற்றம்' என்ற விடையைத்தான் அவர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் அத்தேர்வுக்கு ஒரு குணம் உண்டு. அதற்குப் படிக்க முடியும். கையேட்டை விலைக்கு வாங்கலாம். தோற்றால் மீண்டும் கட்டணம் செலுத்தி எழுதலாம். பிறப்பையோ வந்து சேர்ந்த நாளையோ அத்தாளின் வினாக்கள் கேட்பதில்லை, இன்று கற்கக்கூடியதையே கேட்கின்றன. பாடநூல் பிழையானது என்பது வேறு, பாடநூலே இல்லை என்பது வேறு.

மும்பையின் உழைக்கும் தமிழர்கள் எதிர்கொள்ளும் தேர்வு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் ஒரே வினாதான்: என்று வந்தாய்? விடையைக் காகிதத்தில் காட்ட வேண்டும். 1976இல் குடிசைப் பகுதிகளில் கணக்கெடுப்பு நடத்தப்பட்டு 'போட்டோ பாஸ்' வழங்கப்பட்டது. வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று முழங்கிய ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பும், மாற்றிடம் பற்றிப் பேசும்போது அந்த 1976ஆம் ஆண்டுக் கணக்கில் இடம்பெற்றவர்களையே முதன்மையாகக் கருதியது. பின்னர் அந்தக் கெடு நாள் 1980, 1985, 1995, 2000, 2011 என்று நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வும் சிலரை உள்ளே சேர்த்தது, அடுத்த வரிசையை வெளியே நிறுத்தியது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இந்த வினா சதுர அடிக் கணக்காகவே மாறியுள்ளது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பித்தால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அந்நாளுக்கும் 2011 ஜனவரி 1க்கும் இடையில் வந்தவருக்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் விலையில். அதன் பின் வந்தவர்க்கும் மாடியில் குடியிருப்போர்க்கும் தாராவிக்கு வெளியே வாடகை வீடு அல்லது தவணையில் வாங்கும் வீடு. அரசு மொழியில் இவர்கள் 'பாத்ர', 'அபாத்ர' என்று பிரிக்கப்படுகின்றனர். அதாவது தகுதியுடையோர், தகுதியற்றோர். மராட்டி அறியாத பாட்டிமாரும் இவ்விரு சொற்களை மட்டும் அறிந்திருப்பர். ஒரே ஏணியில் ஏறி இறங்கும் ஒரே குடும்பத்தில், கீழே இருக்கும் தாய் 'பாத்ர', மேலே இருக்கும் மகனின் குடும்பம் 'அபாத்ர' என்று ஆவதற்கு விதிகளிலேயே இடமுண்டு.

இத்தேர்வு அனைவருக்கும் ஒரே அளவில் கடினமானது அன்று. மும்பைத் தமிழர் வரலாற்றில் மூன்று பெயர்கள் தவறாமல் வரும்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர். 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய புறநகர் மாட்டுங்கா. அலுவலக எழுத்தர்களாக வந்த தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. விடுதலைக்குப் பின் டிராம்பேயில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆற்றல் நிறுவனமும் படித்த தமிழர்களைச் செம்பூருக்கு அழைத்தன. தாராவிக்கோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையின் இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தனர். காலத்தால் தாராவித் தமிழர் எவருக்கும் இளையவர் அல்லர். ஆனால் மாட்டுங்காவாசியிடம் வாடகை ரசீது உண்டு, பள்ளிச் சான்றிதழ் உண்டு, ஓய்வூதிய ஆணை உண்டு. தோல் கிடங்கில் நாள்கூலிக்கு நின்றவருக்கு முதலாளி ரசீது கொடுக்கவில்லை. இருந்த குடும்ப அட்டையும் ஒரு வெள்ளத்தில், ஒரு தீ விபத்தில், ஓர் இடிப்பில் போயிருக்கும். எனவே 'என்று வந்தாய்' என்ற வினா நடைமுறையில் 'உன்னிடம் காகிதம் சேரும்படியான வேலையை யார் கொடுத்தார்' என்ற வினாவாகிவிடுகிறது. அது வர்க்கத்தையே அளக்கிறது.

சாதியையும் அளக்கிறது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதியினருக்குரிய மாநில உரிமைகளைப் பெற, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே அம்மாநிலத்தில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். முதல் பட்டியல் சாதிகள் ஆணை வெளியான நாள் அது. ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் தகுதி மற்றொரு மாநிலத்துக்கு உடன்வராது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கும் மும்பையின் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கோரியதிலிருந்தே எழுந்தது. 1955இல் வந்த தலித் தொழிலாளியின் பேரன், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தாலும், தந்தைவழி ஊரின் பெயரில்தான் சாதிச் சான்று பெற முடியும். மும்பைக் கல்லூரி வாசலில் அதற்கு மாநில ஒதுக்கீட்டின் மதிப்பு இல்லை. தீண்டாமை மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை, அதற்கான நிவாரணமோ நின்றுவிடுகிறது.

தமிழர்களுக்கு இந்த வகைத் தேர்வின் விளைவு புதிதன்று. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிடம் முன்னோர் பிறப்பைக் காகிதத்தில் கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு அல்லது பத்து ஆண்டுகள் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்கச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்; ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. எஞ்சியோர் தோட்டத்துக்கு அந்நியராக இருந்ததால் தோற்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்த ஆண்டுகளுக்குக் காகிதச் சாட்சி இல்லாததால் தோற்றனர். மும்பையில் பறிபோவது நாட்டுக் குடியுரிமை அன்று, வீடும் கல்வியிடமும்தான். ஆனால் வினாத்தாளின் அமைப்பு ஒன்றே.

மொழித் தேர்வை இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். 1960இல் தொடங்கிய 'மார்மிக்' இதழ் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டதும், 1966இல் பிறந்த சிவசேனை 'மண்ணின் மைந்தர்' அரசியலைத் தென்னிந்தியருக்கு எதிராகத் திருப்பியதும் மறக்கத்தக்கவை அல்ல. மேரி காட்ஸென்ஸ்டைன், தீபங்கர் குப்தா போன்றோர் அதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அந்த நினைவின் காரணமாக, மராட்டி கற்கச் சொல்வதையே அடக்குமுறையாகக் காணும் போக்கு தமிழ் எழுத்துகளில் உண்டு. அது நேர்மையான நிலைப்பாடு அன்று. 2021இல் தமிழ்நாட்டு அரசு தனது பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி, அதில் 40 விழுக்காடு பெற வேண்டும் என்று ஆணையிட்டபோது அதை வரவேற்றவர்கள், மராட்டிக்கு அதே உரிமையை மறுக்க இயலாது. மொழி கற்கக்கூடியது. கற்கக்கூடியதைக் கேட்கலாம், எதற்காகக் கேட்கிறோம் என்பதும் எவரிடம் கேட்கிறோம் என்பதும் முறையாக இருக்க வேண்டும். 2016இல் ஆட்டோ ரிக்‌ஷா உரிமங்களுக்கு மராட்டி அறிவை நிபந்தனையாக்கிய சுற்றறிக்கையை 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு ஊழியரிடம் மக்கள் மொழியைக் கேட்பதற்கும், சொந்த உழைப்பில் பிழைப்பவரின் உரிமத்தை அதனுடன் பிணைப்பதற்கும் இடைவெளி உண்டு. இன்னொன்றையும் சேர்த்துச் சிந்திக்கலாம்: அயல்நாட்டார் இந்தியக் குடிமகனாவதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்பது, எட்டாவது அட்டவணை மொழிகளுள் ஏதேனும் ஒன்றில் போதிய அறிவு. 22 மொழிகளுள் தமிழும் ஒன்று. இந்தியராவதற்குத் தமிழ் போதும் என்று சொல்லும் சட்டத்தின் பரந்த மனம் கவனத்துக்குரியது.

கெடு நாளுக்கு ஆதரவான வாதம் ஒன்றுண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. எந்த நாளையும் வரையறுக்காவிட்டால், வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் புதிய குடிசைகள் எழும், இடைத்தரகர் கொழிப்பர், நிலம் என்றும் ஒழுங்குபடாது என்பது அது. நகரத்து நிலம் எல்லையற்றது அன்று என்பதும் உண்மையே. ஆனால் இவ்வாதம் நாள் ஒன்று தேவை என்பதை மட்டுமே நிறுவுகிறது. மெய்ப்பிக்கும் சுமை முழுவதையும் குடியிருப்பவர் தலையில் ஏற்ற வேண்டும் என்பதை அது நிறுவவில்லை. அநீதி அச்சுமையில்தான் இருக்கிறது.

அரசிடம் காகிதம் இல்லாமலில்லை. மும்பை மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. அவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளில் தாராவிக் குழந்தைகளின் பெயரும் தந்தை பெயரும் முகவரியும் உண்டு. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, ரேஷன் கடைப் பதிவு, வாக்காளர் பட்டியல், மாநகராட்சி மருத்துவமனைகளின் பிறப்புப் பதிவு ஆகிய அனைத்தும் அரசின் அலமாரிகளிலேயே இருக்க வேண்டியவை. தன்னிடம் உள்ள விடையைத் தானே தேடாமல், எழுத்தறியாத முதியவளிடம் கேட்டு, அவள் தடுமாறும்போது 'அபாத்ர' என்று எழுதுவது தேர்வு நடத்தும் முறை ஆகாது.

எனவே கோரிக்கைகள் மூன்று. முதலாவது, குடியிருப்பவர் வாய்மொழியாகக் கூறும் நாளை முதலில் ஏற்று, அது பொய் என்று காட்டும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். இரண்டாவது, மாநகராட்சி தன் பள்ளி, மருத்துவமனைப் பதிவேடுகளைத் தானே தேடி, தகுதி நிர்ணயத்தில் சான்றாகச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, மாடி, தரை என்ற பிரிவைக் கைவிட்டு, வாழும் குடும்பத்தையே அலகாகக் கொள்ள வேண்டும்.

கல்விப்புலத்தாருக்கும் இதில் பணி உண்டு. தாராவி பற்றி ஆய்வேடுகள் பெருகியுள்ளன. அவற்றுக்காகப் பதிவு செய்யப்பட்ட வாய்மொழி வரலாறுகள் பல்கலைக்கழக நூலகங்களில் தூங்குகின்றன. யார் எந்த ஆண்டு வந்தார், எந்தக் கிடங்கில் நின்றார், எந்தச் சந்தில் முதல் குடிசை போட்டார் என்பவை அப்பதிவுகளில் உள்ளன. ஆய்வாளருக்கு அவை மேற்கோள். சொன்னவருக்கோ ஒரு வீட்டுக்கான சான்று. பேசியவரின் ஒப்புதலுடன் அப்பதிவின் படியொன்றை அவருக்கே திருப்பித் தருவதும், கேட்கும் குடும்பத்துக்குச் சான்றொப்பமிட்டு உதவுவதும் ஆய்வறத்தின் பகுதியாக வேண்டும். தகுதிப் பட்டியல்கள் தயாராகிக்கொண்டிருக்கும் இவ்வேளையிலேயே அது நிகழ வேண்டும்.